உனக்கு இங்கன யாரு இருக்கா

பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் பள்ளி ஒன்றில் நானும் அவளும் உபாத்தினிகள். பள்ளிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் சேர்ந்து குடியிருந்தோம். "ரெண்டு பேரும் கர்த்தருக்குன்னு கல்யாணத்தையே வேண்டாம்னுட்டாக" என்று சபையில் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். நாங்கள் கல்யாணத்தை விட்டது கர்த்தருக்காக அல்ல. எனக்கு அவள் வேண்டியிருந்தது, அவளுக்கு நான். புருஷனும் பெண்சாதியும் எப்படி இருப்பார்களோ அப்படித்தான் இருந்தோம். யாரும் எங்களைத் தூற்றவில்லை. தூற்றுவதற்குக்கூட அவர்கள் கண்ணில் எதுவும் படவில்லை.

ஒரு முறை பத்தமடையில் கல்யாணப் பாய் வாங்கினோம். "யாருக்கும்மா கல்யாணம்?" என்று கேட்டார் விற்றவர். "எங்களுக்குத்தான்" என்றாள் அவள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். நாங்களும் சிரித்து வைத்தோம். வண்டியில் திரும்பும்போது அவள் பாய்ச்சுருளை மடியில் இறுக்கிக்கொண்டே வந்தாள்.

அவளுடைய அண்ணன் சாத்தான்குளத்தில் கருப்பட்டி வியாபாரி. அவர் மனைவி சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பிரசவத்தில் இறந்துபோனாள். துக்கம் ஆறுமுன்பே வண்டி கட்டிக்கொண்டு தங்கையை அழைத்துப்போக வந்துவிட்டார்.

"புள்ளையளெல்லாம் கெடந்து அழுதுவ. நீ வந்துரு. உனக்கு இங்கன யாரு இருக்கா?"

அவருக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் இருக்கேம்லா அண்ணாச்சி" என்றேன்.

"அது சரி டீச்சரம்மா, நான் குடும்பத்தைச் சொல்லுதேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவளுக்குக் குடிகாரப் புருஷன் ஒருவன் இருந்திருந்தால்கூட, அவனிடம் உத்தரவு கேட்காமல் அவளைக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

சபைப் போதகரான ஐயரிடம் ஓடினேன். "ஒங்க சிநேகிதம் பெருசுதாம்மா. ஆனா ரத்த சம்பந்தம் இல்லையே" என்றார். பள்ளியை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானியோ, நான் தனியாக இருக்க வேண்டாம், புது உபாத்தினி ஒருத்தியை வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று ஆறுதல் சொன்னாள். உடைந்த நாற்காலிக்கு வேறு நாற்காலி போடுகிற மாதிரி.

அவளிடமும் சண்டை போட்டேன். "புள்ளையள விட்டுரச் சொல்லுதியா?" என்று அழுதாள். அண்ணனோடு வண்டி ஏறிப் போய்விட்டாள்.

நான் சாத்தான்குளத்துப் பக்கம் வேலை மாற்றம் கேட்டேன். அந்தச் செம்மணல் தேரிக்காட்டுக்கு யாரும் விரும்பிப் போவதில்லை என்பதால் உடனே கிடைத்தது. தியாகம் என்று அதற்கும் பாராட்டினார்கள்.

தினமும் பள்ளி விட்டதும் அவர்கள் வீட்டுக்குப் போவேன். பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடும் சாக்கில் அவளோடு சற்று நேரம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர்ச் சபை உபதேசியாரின் மனைவி ஒருநாள் என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சியவே கட்டிக்கிடுங்களேன். புள்ளையளும் ஒட்டிக்கிட்டுதுவ, சிநேகிதியும் கூடவே இருப்பா. கர்த்தர் எப்படி வழி காட்டுதாரு, பாத்தீகளா!"

அந்தப் பேச்சே எனக்குக் குத்தியது. அதைவிடக் குத்தியது, மறுநாள் அண்ணன் வீட்டுக் கிணற்றடியில் அவளே பைய என்னிடம் கேட்டதுதான்.

"சம்மதம்னு சொல்லிரேன்ட்டி. எப்படியோ ஒரே வீட்டுல இருந்துக்கிடலாம்லா."

"ஒங்க அண்ணன் பெண்சாதியாவா?"

அவள் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினாள். நான் முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். படித்த திமிர் என்றது ஊர். அவளும் பேச்சை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலில் பார்த்தாலும் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அண்ணன் வேறொருத்தியைக் கட்டினார். வந்தவளுக்கு நாத்தனார் வீட்டோடு இருப்பது பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவரே தங்கையை வண்டியில் ஏற்றி என் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்.

"இவ இனி இங்கனயே இருக்கட்டும் டீச்சரம்மா. ஒங்களுக்கும் ஒரு துணையாச்சு."

வேண்டாத சாமானை ஒதுக்கிவிட்டுப் போகிற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. அவரிடம் போய் நான், "ரொம்ப உபகாரம் அண்ணாச்சி" என்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். வண்டி தெருமுனை திரும்பியதும் அவளது டிரங்குப் பெட்டியைத் தூக்கப் போனேன்.

"விடு, நான் தூக்குதேன்" என்றாள் முகத்தைப் பார்க்காமல். ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுபோனோம்.