மருமகன்ட மாம்பழ மணம்

மருமகன் கட்டாரிலிருந்து வரும்போது வேப் என்று புகை இழுக்கிற கரண்டுக் குழாய் ஒன்று கொண்டு வந்தார். மாம்பழ மணமாம். வீட்டுக்குள்ளேயே கதிரையில் சாய்ந்துகொண்டு இழுப்பார்.

எங்கட பக்கம் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து இருக்கிறது. மாமி மருமகனோடு நேரே கதைக்கிறதில்லை. ஏதும் இருந்தால் மகளிட்டச் சொல்வேன். அவள் சொல்லுவாள்.

மகளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. சாப்பாடு தங்கவில்லை. தட்டை வைத்தால் ஓங்காளித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுவாள். என்ட கறியில்தான் பிழை என்றார்கள் வீட்டு ஆம்பிளைகள். மீன் பொரிக்கிறதை விட்டேன். அப்படியும் சத்திதான்.

எனக்கு அந்த மணம், பையில் கட்டி வெயிலில் போட்ட மாம்பழம் மாதிரி. கதவுத் திரையில் இருந்தது. தலையணையில் இருந்தது. சோற்றிலும் இருந்தது. பீடி மணத்தோடு மகள் வளர்ந்தவள். அது அவளை ஒன்றும் செய்ததில்லை.

என்ட மனிசன் ஆற்றில் வலை போடுகிறவர். வாயில் எப்பவும் பீடி. அவரிட்டக் கேட்டேன்.

"மணக்கலையா?"

"என்ன மணம்?"

"மூக்கு இருக்கா உங்களுக்கு?"

"கிட்டப் போனா கொஞ்சம் இனிப்பா வருது. நல்லாத்தானே இருக்கு. சும்மா இருகா."

மருமகன் மகளைப் பார்த்துச் சிரித்தார். "மாமாவே சொல்றார். இது வெறும் ஆவி. உடனே போயிடும்."

மகள், "எனக்கு ஒண்டும் இல்ல" என்றாள். அவர் கோவிப்பார் என்று பயம்.

பிறகு பிள்ளைத்தாச்சிகளைப் பார்க்கிற கிளினிக் மிஸ்ஸி வீட்டுக்கு வந்தா. வாசலிலேயே நின்றா.

"ஆர் மாம்பழம் அறுக்கிற? இந்த மாசத்தில எங்க வாங்கின?"

மருமகன் வேப்பைச் சேட்டுப் பையில் போட்டார். மிஸ்ஸி மகளைத் தராசில் நிறுத்துப் பார்த்தா.

"நிறை இறங்கிட்டு. இப்பிடியே போனா ஆஸ்பத்திரி வாட்டில மறிச்சிப் போடுவாங்க."

மிஸ்ஸி போன கையோடு மருமகன் திரும்ப அதை எடுத்தார். மகள் கிணற்றடியில் சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேறு ஆளில்லை. அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"மருமகன், இனி வீட்டுக்குள்ள இழுக்க வேணாம். ஆத்தடிக்குப் போங்க."

மனிசன் வலையைக் கீழே வைத்தார். மருமகன் எழும்பினார்.

"சரி மாமி."

போனார். எனக்குக் கோபமும் இல்லை, சந்தோசமும் இல்லை. திரையைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணியில் போட்டு அவித்தேன். தலையணை உறைகளையும் போட்டேன்.

"மணமில்லாத துணிய என்னத்துக்குகா அவிக்கிறாய்?" என்றார் மனிசன்.

அடுப்பில் இன்னும் விறகு வைத்தேன்.

பின்னேரம் மகளுக்குச் சோறும் சொதியும் போட்டேன். கொஞ்சம் தின்றாள். பக்கத்திலேயே இருந்தேன். அவள் எழும்பவில்லை.