றீற்றா துடைக்காமல் விட்ட வரி

கெலிஓயாப் பள்ளிவாசல் பக்கம் ஜமால்தீன் ஒரு கொமியூனிகேஷன் நடத்திவந்தார். இரண்டு டெலிபோன், ஒரு போட்டோக்கொப்பி மெஷின், ஒரு கொம்பியூட்டர், அதற்கு முன்னால் றீற்றா. யாழ்ப்பாணத்தாள், வேதக்காரி, நாற்பதைத் தாண்டியும் கலியாணம் கட்டாதவள். அவளுக்கு எக்செல் ஒன்றுதான் ஒழுங்காகத் தெரியும். ஆகவே கடிதமும் எக்செல், கலியாண வீட்டுச் சாமான் துண்டும் எக்செல், மரண அறிவித்தலும் எக்செல். கட்டம் போட்ட துக்கச் செய்தியைப் பார்த்து ஊர் முதலில் சிரித்தது, பிறகு பழகிவிட்டது.

அவளுடைய அப்பா கண்டியில் தபால் கந்தோரில் இருந்தவர். எண்பத்து மூன்றில் கடைகள் எரிந்தபோது, தமிழர் வீடு எது என்று விலாசத்தோடு ஆட்கள் வந்ததைக் கண்ணால் கண்டவர். அன்றிலிருந்து அந்த மனுசன் வீட்டுக்கு வருகிற கடித உறையைக்கூடத் துண்டு துண்டாகக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுத்தான் தேத்தண்ணியில் கை வைப்பார். மகளுக்குக் காணி பூமி என்று எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. அந்தப் பயத்தை மட்டும் குறைவில்லாமல் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பயம் கொம்பியூட்டரிலும் வேலை செய்தது. எக்செல்லில் நகலெடுத்தது எதுவும் உடனே மறைந்துவிடுவதில்லை. திரையின் வலப்பக்கம் ஒரு பெட்டி திறக்கும், நகலெடுத்த ஒவ்வொன்றும் அதற்குள் வந்து ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். மேலே இரண்டு பொத்தான். 'பேஸ்ட் ஓல்' அமத்தினால் நிற்கிற அத்தனையும் வரிசையாகத் தாளில் இறங்கும். 'கிளியர் ஓல்' அமத்தினால் அத்தனையும் போய்விடும். எக்செல்லை மூடினாலும் போகும்தான், ஆனால் அந்தக் கிழட்டு மெஷின் ஒருமுறை படுத்தால் எழும்ப மத்தியானமாகும் என்று ஜமால்தீன் எதையும் மூட விடமாட்டார். ஆகவே ஒருவரின் வேலை முடிந்ததும் றீற்றா 'கிளியர் ஓல்' அமத்துவாள், சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கிற மாதிரி. முன்னே வந்தவரின் பெயர் பின்னே வருகிறவர் கண்ணில் படக்கூடாது.

இரண்டாயிரத்து எட்டில் அவளுக்குக் கை ஓயாத வேலை. வன்னியில் சண்டை இறுக இறுக, இங்கே தமிழர் வீடுகளில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிஸுக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், வயது, சொந்த ஊர், எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்தில். தங்குகிறவர்கள் அடிக்கடி மாறுவார்கள். றீற்றா பழைய தாளிலிருந்து இருக்கிறவர்களை ஒவ்வொரு வரியாக நகலெடுத்து, புதியவர்களையும் சேர்த்து, 'பேஸ்ட் ஓல்' அமத்தினால் புதுத் தாள் தயார். அவளே கண்டுபிடித்த குறுக்கு வழி. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மூக்காயி வந்தாள். கலஹாப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அவளுடைய மகன் காளிமுத்து கண்டியில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்தவன். தைப்பொங்கலுக்கு வருகிறேன் என்றவனைக் கடை வாசலில் வைத்தே ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் போனார்கள், எங்கே போனார்கள், ஒன்றும் தெரியாது. மாதங்கள் போய்விட்டன. மூக்காயி ஏறாத கந்தோர் இல்லை. அன்றைக்கும் மூன்று இடத்துக்கு முறைப்பாடு அடிக்க வந்திருந்தாள். றீற்றா அவனுடைய பெயர், இலக்கம், வயது, ஊர் அடங்கிய வரியை ஒரு தரம் அடித்து, நகலெடுத்து மூன்று தாளிலும் ஒட்டினாள்.

வேலை முடிந்தது. வழக்கம்போல் றீற்றாவின் கை ஓரத்துப் பெட்டிக்குப் போனது.

"அது என்னாங்க தாயி, எம்புள்ள பேரு ஓரமா நிக்கிது?" என்றாள் மூக்காயி. படிக்கத் தெரியாதவள், ஆனால் மகன் பெயரின் உருவம் அவளுக்கு மனப்பாடம்.

"அது கொப்பி எடுத்தது, அம்மா. இப்ப அழிச்சுப்போடுவன்."

"அழிக்காதீங்க. எங் கண்ணு முன்னால வேணாம்."

றீற்றா கையை எடுத்துவிட்டாள். ஒரு தாய் பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பெண்தான் அதை அமத்துவாள்? இவள் எழும்பிப் போனதும் துடைக்கலாம் என்று நினைத்தாள்.

மூக்காயி எழும்பவில்லை. வெளியே மழை. அந்த நேரம் பார்த்துச் சரோஜினிதேவி ரீச்சர் குடையை உதறிக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர், விதவை. பேராதனைக் கம்பஸில் படிக்கிற பெண்பிள்ளைகளை வீட்டில் தங்கவைத்திருந்தார். அந்த வீட்டுக்கு வருகிற ஆண்பிள்ளை என்றால் மீற்றர் பார்க்கிறவன் ஒருவன்தான், அவனும் கேற்றோடு சரி. புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறாள், இருட்டுமுன் தாளைக் கொடுக்க வேண்டும் என்று ரீச்சர் அவசரப்படுத்தினார். றீற்றா வரிகளை நகலெடுத்தாள், 'பேஸ்ட் ஓல்' அமத்தினாள், பிரிண்ட் எடுத்தாள். கண்ணெல்லாம் மூலையில் கூனிக் குந்தியிருந்த மூக்காயியில் இருந்தது. ரீச்சரோ கண்ணாடியை வீட்டில் விட்டு வந்தவர், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மழை விட்டதும் எல்லோரும் போனார்கள். பிறகு றீற்றா மறக்காமல் 'கிளியர் ஓல்' அமத்தினாள். திரையின் ஓரம் சுத்தமாக இருந்தது.

திங்கட்கிழமை ரீச்சர் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. காளிமுத்து எங்கே என்று கேட்டார்கள். அப்படி ஒருவர் இந்த வீட்டில் இல்லை என்றார் ரீச்சர். சனிக்கிழமைத் தாளில் அவன் பெயரையும் அவருடைய கையெழுத்தையும் காட்டினார்கள். அலுமாரியைத் திறந்தார்கள், கட்டிலைப் புரட்டினார்கள், தண்ணீர்த் தாங்கிக்குள் டோர்ச் அடித்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஆளைக் கொண்டு வா, இல்லாவிட்டால் உடுப்புப் பையோடு நீ வா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். இல்லாத ஒருவன் அந்த வீட்டில் இருக்கத் தொடங்கினான். பக்கத்து வீட்டு வீரசிங்கம், நாவலப்பிட்டியில் ரயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர், பின் கேற்றால் ஒல்லியாக ஒரு பெடியன் போனதைக் கண்டதாகப் பொலிஸுக்குச் சொன்னார். யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. தங்கியிருந்த பிள்ளைகளில் ஒருத்தி சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ செருமியது கேட்டது என்றாள். இன்னொருத்தி அன்றைக்கே பெட்டி கட்டிக்கொண்டு போய்விட்டாள். மகாவலிப் பக்கமிருந்து பனிப்புகார் ஏறுகிற அந்திப் பொழுதுகளில் குளியலறைக் கதவைத் தட்டாமல் ரீச்சரே திறப்பதில்லை.

மூன்றாம் நாள் ரீச்சர் கடைக்கு வந்து கதிரையில் தொப்பென்று இருந்தார்.

"றீற்றா, அந்தப் பெடியன் ஆர்?" என்று கேட்டார். "நான் கணக்குப் படிப்பிச்சவள், பிள்ளை. இல்லாததை இல்லையெண்டு எனக்குச் சொல்லத் தெரியும். ஆனா நேற்று ராத்திரி அவனுக்கும் சேர்த்துச் சோறு போட்டிட்டன்."

றீற்றா தாளைத் திறந்து பார்த்தாள். வீட்டுக்காரர் என்று தலைப்பில் நின்ற ரீச்சரின் பெயருக்கு நேர் கீழே, பிள்ளைகள் எல்லோருக்கும் மேலே, காளிமுத்து இருந்தான். பிழை தன்னுடையது. வாயைத் திறந்தால் யாழ்ப்பாணத்தாள் ஒருத்தி பொலிஸுக்குப் பொய்த்தாள் கொடுத்தாள் என்று உள்ளே போடுவார்கள். திறக்காவிட்டால் ரீச்சர் போவார். அவள் செபமாலையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஜமால்தீனைப் பார்த்தாள்.

"வாங்க மிஸ், நானும் வாரேன். சிங்களத்த நான் பேசிக்கொள்றேன்," என்றார் ஜமால்தீன். பொலிஸ் என்றால் அவருக்கும் உள்ளங்கை வியர்க்கும். என்றாலும் வந்தார்.

பொலிஸ் நிலையத்தில் றீற்றா சொன்னதை ஜமால்தீன் சிங்களத்தில் எடுத்துச் சொன்னார், பொறுப்பதிகாரி நம்பவில்லை. மெஷின் தானாக ஆளைக் கொண்டுவந்து வீட்டில் வைக்குமா என்று சிரித்தார். அப்படியென்றால் செய்து காட்டு என்று தன் மேசைக் கொம்பியூட்டரையே திருப்பிவிட்டார். அதில் எக்செல் திறந்துதான் கிடந்தது. றீற்றா ஒரு வெற்றுத் தாள் எடுத்தாள். வேறு பெயர் எழுதப் பயம், தன் பெயரையும் செத்துப்போன அப்பா அம்மா பெயரையும் அடித்தாள். மூன்றையும் நகலெடுத்து 'பேஸ்ட் ஓல்' அமத்தினாள்.

முதலில் இறங்கியது அவள் எழுதியதல்ல, யாரோ முன்பே நகலெடுத்துத் துடைக்காமல் விட்டது. பெயர், வயது, ஊர். பெயர், வயது, ஊர். புசல்லாவை, கலஹா, வவுனியா, மாத்தளை. எல்லாம் இருபதும் இருபத்தைந்துமான வயது. ஊருக்கு அடுத்த கட்டத்தில் ஒரு திகதி, அதற்கப்பால் ஒன்றுமில்லை. றீற்றாவின் கண் மேலிருந்து கீழே காளிமுத்துவைத் தேடி ஓடியது. கடைசிப் பெயருக்கு அடியில் அவளுடைய பெயர் வந்து ஒட்டிக்கொண்டது, அதற்கடியில் அப்பா, அம்மா. கலஹாக்காரரில் பாதிப்பேரைக்கூட அவள் படித்து முடிக்கவில்லை. பொறுப்பதிகாரி எட்டித் திரையை அணைத்தார்.

பிறகு அவர் மிகவும் மரியாதையாக, விளங்கிவிட்டது, வீட்டுக்குப் போங்கள் என்றார். அன்றைக்கே ரீச்சரின் தாளில் அந்த வரியை வெட்டிவிட்டார்கள். ரீச்சர் தப்பினார். ஆனால் அந்தக் கறுத்த திரைக்குப் பின்னால் றீற்றாவின் பெயர் நின்றது. வாழ்நாளில் அவள் துடைக்காமல் விட்டு வந்த இரண்டாவது இடம் அது.

மறுநாள் காலை கடை திறக்கும்போது மூக்காயி படியில் இருந்தாள். தோட்டத்துக்கும் பொலிஸ் போயிருந்தது. உன் மகன் கெலிஓயாவில் ஒளிந்திருக்கிறான் என்று சொல்லி, அவள் குடியிருந்த லயத்துக் காம்பராவின் கூரைத் தகரத்தைக்கூடக் கழற்றிப் பார்த்திருந்தார்கள். அவள் முதல் பஸ்ஸில் இறங்கி ரீச்சர் வீட்டுக்குப் போக, ரீச்சர் இங்கே அனுப்பியிருந்தார்.

றீற்றா ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அழிக்காமல் விட்டது, மறந்தது, வேறு வீட்டுத் தாளில் விழுந்தது, எல்லாம் சொன்னாள்.

"உங்கட மகன் அந்த வீட்டில ஒருநாளும் இருக்கேல்லை, அம்மா. எல்லாம் என்ர பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அழுவாள், திட்டுவாள், மண்ணை அள்ளித் தூற்றுவாள் என்று றீற்றா எதிர்பார்த்தாள். மூக்காயி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். மிக அமைதியாகப் பேசினாள்.

"நா தையிலருந்து நடக்குறேங்க தாயி. காணோம் காணோம்னு எழுதிக் குடுத்தேன். ஒருத்தனும் தேடல. நீங்க தெரியாம ஒரு வூட்டுல இருக்கான்னு எழுதிட்டீங்க, ரெண்டு நாளுல ஜீப்பு போட்டுத் தேடுறாங்க. தண்ணித் தொட்டியில கூடத் தேடுனாங்களாம்."

அவள் கதிரையை இழுத்துக் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் போட்டாள்.

"இன்னைக்கு எங் காம்பராவுல இருக்கான்னு எழுதுங்க. மூக்காயி, அதுக்குக் கீழ காளிமுத்து. நா கைநாட்டு வச்சுக் குடுக்குறேன். என்னைய அடிக்கட்டும், புடிச்சிக்கிட்டுப் போகட்டும். தேடட்டுந் தாயி."

ஜமால்தீன் கடைக் கதவைப் பாதி சாத்தினார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. தகப்பன் காலத்திலிருந்து வந்த பயம் அத்தனையும் றீற்றாவின் விரல் நுனியில் வந்து நின்றது. அவள் முதலில் மூக்காயியின் பெயரை அடித்தாள். பிறகு, வயது எத்தனை என்று கேட்காமலே, அதற்குக் கீழே மகனை எழுதினாள்.