ஈரம் பட்ட வெடிமருந்து

எங்கள் வீட்டில் துப்பாக்கித் தோட்டாக்கள் சமையலறையில்தான் தயாராயின. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அக்கா மேசையைத் துடைத்துக் கொடுப்பாள். நான் பழைய செய்தித்தாளை விரிப்பேன். அத்தான் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைக் கொட்டுவார். அவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்து, புது வெடிமருந்தும் ஈயக் குண்டும் வைத்து மீண்டும் தோட்டாவாக்குவது என் வேலை. அக்கா கொல்லைப் பக்கம் போய்விடுவாள். சாயங்காலம் வரை அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம்.

அத்தான், என் அக்காவின் கணவர், எங்கள் தீவில் கான் தெ மாஸ்க் என்ற ஊரைத் தாண்டியிருந்த ஒரு கரும்புத் தோட்டத்தில் காவல்காரர். கார்தியென் என்று சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர் கலகம் நடந்ததிலிருந்து தோட்டத்து வெள்ளைக்கார முதலாளி, நாங்கள் மிஸ்யே என்று சொல்பவர், தன் காவல்காரர்களுக்குக் கைத்துப்பாக்கி கொடுத்திருந்தார். துப்பாக்கி தோட்டத்துடையது, தோட்டா அவரவர் செலவு. ஒவ்வோர் ஆண்டும் கரும்பு வெட்டு தொடங்குமுன் மிஸ்யேயின் கண்ணெதிரே குறி பார்த்துச் சுட்டுக் காட்ட வேண்டும். தவறினால் வேலை போய்விடும். குறி தவறாமலிருக்கப் பழக வேண்டும், பழகத் தோட்டா வேண்டும். அதுவோ போர்க்காலம். கப்பலில் அரிசி வருவதே அரிதாக இருந்தபோது தோட்டா எங்கிருந்து வரும்? வந்தாலும் ஒரு காவல்காரரின் சம்பளத்துக்கு எட்டாது.

நான் ரோஸ் ஹில்லில் கல்லூரி வரை படித்தவன். ஊர்ப் பள்ளியில் வாத்தியார். மாலையில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுப்பேன். வீட்டில் எங்கள் பேச்சு பெரும்பாலும் தீவின் கலப்பு மொழியான கிரியோல்தான். உறவுமுறையும் சாமி காரியமும் மட்டும் தமிழில் வரும். இங்கே நான் தமிழில் எழுதும் பேச்சைப் பாதிக்கு மேல் கிரியோலில் கேட்டதாகவே வாசிப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டா செய்யும் யோசனை என்னுடையது. கல்லூரியில் ரசாயனம் படித்த திமிர் அது. வயல்களில் பாறை உடைக்கும் ஆட்களிடம் கொஞ்சம் மருந்து வாங்கினேன். அவர்கள் அதை விற்கக் கூடாது, நான் வாங்கக் கூடாது. போர்க்காலச் சட்டப்படி இரண்டு பேருக்கும் சிறைதான். ஈயத்துக்கு மீனவர்களின் வலைக்குண்டு. கூட்டின் அடியில் தீப்பற்றும் சின்னத் தொப்பிகள் போருக்கு முன் வாங்கிய டப்பாவில் மிச்சமிருந்தன. கடைத் தோட்டாவுக்கு ஆகியிருக்கும் பணத்தில் பாதியை அத்தான் என்னிடம் கொடுத்துவிடுவார். லண்டன் பரீட்சைக்குக் கட்டணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பணம் அதற்குப் போயிற்று.

அந்த ஆண்டு தைப்பூசக் காவடி நெருங்கியபோது அத்தான் காப்புக் கட்டிக்கொண்டார். விரதம் தொடங்கும் முன்பே அக்கா வீட்டைத் தலைகீழாக்கிக் கழுவிவிட்டாள். மீன் சட்டி, தோல் செருப்பு, கோழி வெட்டும் கத்தி எல்லாம் வெளியே போயின. கடைசியில் என் மருந்துப் பெட்டியையும் கையில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"விரத வீட்டுல உயிரெடுக்கிற சாமானா? கொண்டுபோய் வெளிய வை."

ஈரம் பட்டால் கெட்டுவிடும் என்றேன். முருகனுக்கு முன்னால் உன் மருந்து பெரிதா என்று கேட்டாள். கோழிக் கொட்டகையின் தகரக் கூரைக்கடியில், உத்தரத்தின் மேல் பெட்டியை ஏற்றி வைத்தேன். எங்கள் ஊரில் அது மழைக்காலம். எங்கோ கடலில் சுற்றிய புயலின் வால் எங்கள் மேலும் பட்டு, நாள்கணக்கில் பெய்தது. ஊரில் இந்த மாதிரிப் பண்டங்கள் வைத்திருந்த எல்லாத் தமிழ் வீடுகளிலும் அப்படித்தான் வெளியே வைத்திருப்பார்கள். ஆனால் மற்றவர்கள் வைத்தது கத்தியும் தூண்டிலும், நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம்.

காவடி முடிந்து பெட்டியைத் திறந்தபோது மருந்து ஈரச் சர்க்கரைபோல் கட்டி தட்டியிருந்தது. தட்டில் பரப்பி, மிளகாய் காய வைப்பதுபோல் வெயிலில் வைத்து எடுத்தேன். உதிரியாகத்தான் ஆயிற்று. பார்வைக்குப் பழையபடியே இருந்தது. அதில் சில தோட்டாக்கள் செய்தேன். ஆற்றுப் படுகையில் அத்தான் சுட்டுப் பார்த்தார்.

இரண்டு நன்றாக வெடித்தன. மூன்றாவது, புட்டியிலிருந்து தக்கையைப் பிடுங்கியதுபோல் சத்தம் கொடுத்தது. எதிரே மரத்தில் எதுவும் படவில்லை. அத்தான் மறுபடியும் விசையில் விரல் வைத்தார். நான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். துப்பாக்கியைக் காலியாக்கிவிட்டு, ஒரு குச்சியைக் குழலில் விட்டுப் பார்த்தோம். பாதி வழியில் நின்றது. குண்டு உள்ளேயே சிக்கியிருந்தது. மருந்துக்கு அதை வெளியே தள்ளும் வலு இல்லை. அது உள்ளே இருக்கும்போது அடுத்ததைச் சுட்டிருந்தால் குழலே வெடித்திருக்கும் என்று வகுப்பில் பாடம் சொல்வதுபோல் அவருக்குச் சொன்னேன்.

அத்தான் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இந்தக் கைய நம்பித்தான் உங்கக்காவக் கட்டிக் குடுத்தாங்க. அந்த மருந்த ஆத்துல கொட்டிரு, மச்சான்."

"கொட்டிர்றேன், அத்தான்."

நான் கொட்டவில்லை. பரீட்சைக் கட்டணம் கட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பாறை உடைக்கும் ஆட்கள் அந்தப் பருவம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். கைவசம் நல்ல மருந்து கொஞ்சமே இருந்தது. இரண்டையும் கலந்தால் கெட்டதன் குறையை நல்லது ஈடுகட்டும் என்று எனக்கு நானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டேன். அது ரசாயனம் இல்லை, பேராசை. கலந்தேன். பார்வைக்கு வித்தியாசம் இல்லாத தோட்டாக்களை அவர் டப்பாவில் போட்டேன். மிஸ்யேயின் முன்னால் சுட்டுக் காட்டிய நாளில் எல்லாம் ஒழுங்காகவே வெடித்தன. அத்தானுக்குப் பாராட்டுக் கிடைத்தது. கலந்தது சரிதான் என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

வெட்டுக்காலத்தின் நடுவில் வேலைநிறுத்தம் வந்தது. கூலி போதவில்லை, எடை போடுவதில் ஏமாற்று என்று வெட்டுக்காரர்கள் எடைமேடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். கரும்பு ஏற்றிய மாட்டு வண்டிகள் சாலை நெடுக நின்றன. வெட்டிய கரும்பு வெயிலில் புளிக்கும் வாடை பள்ளிக்கூடம் வரை வந்தது. மிஸ்யே எங்கள் தலைமையாசிரியருக்கு ஆள் அனுப்பினார்: அந்த ஜனங்களோடு பேசத் தெரிந்த வாத்தியார் ஒருவர் வரட்டும். தலைமையாசிரியர் என்னைக் கைகாட்டினார்.

நான் போனபோது ஆபீஸ் படிக்கட்டில் மிஸ்யே நின்றுகொண்டிருந்தார். கீழே, எடைமேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவே, இடுப்பில் துப்பாக்கியோடு அத்தான். போலீஸ் வண்டி வரவேண்டியிருந்தது, வரவில்லை. என் மாணவர்களின் அப்பா அம்மாக்கள் கையில் வெட்டரிவாளோடு என் முகத்தைப் பார்த்தார்கள். கலைந்து போங்கள், பிறகு பேசலாம் என்று மிஸ்யே சொன்னதையே நானும் சொன்னேன். எந்தப் பிறகு, வாத்தியாரே, அடுத்த ஜென்மத்திலா என்று ஒருவர் கேட்டார். நான் படிக்கட்டில் ஏறி மிஸ்யேயின் பக்கத்தில் நின்றுகொண்டேன். எந்தப் பக்கம் நின்றேன் என்பதை நானே கவனித்தது அப்புறம்தான்.

கூட்டம் மெல்ல நகர்ந்து எடைமேடையைத் தொட்டது. வானத்தைப் பார்த்துச் சுடச் சொல்லி மிஸ்யே அத்தானுக்கு உத்தரவிட்டார். அத்தான் துப்பாக்கியை எடுத்தார். முன் வரிசையில் நின்ற ஒரு பெண் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்:

"என்ன கார்தியென் அண்ணே, வீட்டுல சொல்லிட்டு வந்தியா?"

அத்தான் தலைக்கு மேலே கையை உயர்த்தி விசையை இழுத்தார்.

தக்கை பிடுங்கிய சத்தம்.

ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு சிரிப்பு வெடித்தது. "மிஸ்யே, உங்க துப்பாக்கிக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று ஒரு குரல். "கஷாயம் வெச்சுக் குடுங்க" என்று இன்னொன்று. பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்திருக்கலாம். அவர்களுடைய கோபம் பாதி இறங்கிவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் மிஸ்யேயின் கழுத்து சிவந்துவிட்டது.

"ஒன்கோர்" என்றார். இன்னொன்று.

அத்தான் சுடவில்லை. கையை இறக்கினார். திரும்பி, படிக்கட்டில் நின்ற என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில் இருந்தது ஒரே கேள்வி. வேறு எவருக்கும் அது புரிந்திருக்காது. ஆற்றில் கொட்டினாயா என்று கேட்டார். கொட்டியிருந்தால் இது வெறும் தொப்பிக் கோளாறாக இருக்கலாம், அடுத்ததைச் சுடலாம். கொட்டவில்லை என்றால் குழலுக்குள் குண்டு நிற்கிறது.

எனக்குத் தெரியும். சத்தம் கேட்ட கணமே தெரியும். வேண்டாம் என்று தலையசைத்தால் போதும். ஆனால் அத்தானின் பார்வையைத் தொடர்ந்து மிஸ்யேயும் என் பக்கம் திரும்பியிருந்தார். என் சட்டைக் கையின் மடிப்பை, என் முகத்தை, அவருடைய வெளிர்நீலக் கண்கள் பார்த்தன. காவல்காரன் சுடுவதற்கு வாத்தியாரிடம் ஏன் உத்தரவு கேட்கிறான்? நான் தலையை அசைத்தால் அடுத்த கேள்வி அதுதான். அதற்கடுத்தது தோட்டா எங்கிருந்து வந்தது, மருந்து எங்கிருந்து வந்தது. வேலை போகும், பரீட்சை போகும், சிறையும் உண்டு. இவ்வளவையும் நான் யோசித்தேன். யோசிக்க நேரம் இருந்தது என்பதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பயத்தில் வாயடைத்துப் போனேன் என்று பல ஆண்டுகள் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அத்தான் நம்பினார். கையை உயர்த்திச் சுட்டார்.

புகை விலகியபோது அவர் முழங்காலிட்டிருந்தார். துப்பாக்கியின் மேல்பாகம் இல்லை. வலது கையை இடது கையால் மார்போடு அணைத்திருந்தார். சட்டை நிறம் மாறிக்கொண்டிருந்தது. அவரிடம் முதலில் ஓடியது நான் இல்லை. வீட்டில் சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்ட அந்தப் பெண்தான் ஓடினாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவர் கையில் சுற்றினாள். வேலைநிறுத்தக்காரர்கள் ஒரு வண்டியிலிருந்து கரும்பை இறக்கிப் போட்டுவிட்டு அவரை அதில் ஏற்றினார்கள். மிஸ்யே படியிறங்கவில்லை. நான் இறங்கினேன், எல்லோருக்கும் பின்னால்.

கட்டை விரலில் பாதியும் பக்கத்து இரண்டு விரல்களும் போயின. ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரரிடம், தோட்டாக்களைத் துறைமுகத்தில் ஒரு மாலுமியிடம் மலிவாக வாங்கியதாக அத்தான் சொன்னார். எந்தக் கப்பல் என்று கேட்டதற்கு, தனக்குப் படிக்கத் தெரியாது என்றார். அவருக்குப் படிக்கத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். நாங்கள் வீடு திரும்புவதற்குள் அக்கா பெட்டியையும் குண்டு வார்த்த அச்சுகளையும் மீதி மருந்தையும் ஆற்றில் போட்டுவிட்டிருந்தாள். அத்தான் என்னைச் செய்யச் சொன்ன வேலையை அவள் செய்தாள்.

தோட்டம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. துப்பாக்கியின் விலையையும் அவர் கடைசிச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. நான் பரீட்சை எழுதித் தேறினேன். அவர் வீட்டுக்குப் பின்னால் காய்கறி போட்டார். இடது கையால் மண்வெட்டி பிடிக்கக் கற்றுக்கொண்டார். அடுத்த தைப்பூசத்துக்குக் காவடியின் மூங்கிலை வளைக்க அவரால் முடியவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு வளைத்துக் கொடுத்தவர். என்னைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தேன், அவர் பல்லால் கயிற்றை இறுக்கினார். எங்கள் முகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் வளைக்கச் சொன்னார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ காவடிகளிலும் அவர் கேட்கவில்லை.

தீவுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டில் அவர் இறந்தார். நான் அப்போது ரோஸ் ஹில்லில் தலைமையாசிரியர். பள்ளியில் புதுக் கொடி ஏறியதைப் பார்க்க, கோட்டுப் பையில் வலது கையை விட்டுக்கொண்டு வந்து நின்றவர், சில மாதங்களில் போய்விட்டார். கருமாதி முடிந்து வந்தவர்கள் கிளம்பிய பிறகு அக்காவும் நானும் அதே சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அவள் மேசையைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"ஒரு தடவதான் அதப் பத்திச் சொன்னாரு. மொதல் வெடிக்கப்புறம் உன்னத் திரும்பிப் பாத்தாராம். நீ வேற பக்கம் பாத்துக்கிட்டு இருந்தியாம். பாத்திருந்தா என் மச்சான் தடுத்திருப்பான்னாரு."

துணியை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்படித்தான, தம்பி?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.