பென்சில் வராத வீடு

பட்டு நெய்கிற வீட்டில் பேனாவைக் கண்டால் பாம்பைக் கண்ட மாதிரி பதறுவார்கள். ஆரணியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தறி நடுக்கூடத்திலேயே இருக்கிறது. சாப்பிடுவது, தூங்குவது, பிள்ளைகள் ஆடுவது எல்லாம் அதைச் சுற்றித்தான். சேலையில் ஒரு கீறல் மை பட்டால் போச்சு. நூல் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி விரித்துப் பார்த்துவிட்டு, "நீயே கட்டிக்கோம்மா" என்று மடித்துக் கையில் கொடுத்துவிடுவார்.

பக்கத்து வீட்டில் அப்படி ஒருமுறை நடந்தது. அந்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் மாற்றி மாற்றித் தறியில் உட்காருவார்கள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் பட்டு இழை சுற்றிக் கொடுப்பது என் வேலை. அவர்கள் மகள் அப்போது அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ கிடைத்த பேனாவால், முடிகிற நிலையில் இருந்த சந்தன நிறச் சேலையில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டாள். அவள் அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. அதோடு அந்த வீட்டுக்குள் பேனா, பென்சில், கலர் சாக்பீஸ் எதுவும் வரக் கூடாது என்றாகிவிட்டது.

பிறகு ஊரில் புதிதாக ஒரு தனியார் பள்ளி வந்தது. அங்கே நோட்டு கிடையாது, பென்சில் கிடையாது. ஒண்ணாவதிலிருந்தே எல்லாம் டேப்பில்தான் என்றார்கள். பெரிய போன் மாதிரி ஒரு பலகை அது. எங்கள் தெருவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

"பேஜார் தீந்துது அத்த! மையும் இல்ல, கறையும் இல்ல" என்றாள் அந்தப் பெண்ணின் அம்மா. என்னை அவள் அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. ஐந்தாவதோடு நின்றவள் நான், இதில் என்ன சொல்லத் தெரியும். சாயங்காலமானால் பெண் தறி ஓரமாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்து டேப்பில் வரிசையாகத் தெரிகிற எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருப்பாள். நான் எதைச் சொன்னாலும் உடனே எழுத்தாக்கிக் காட்டுவாள். "ஜல்தியா சொல்லு ஆயா, நீ பேசறதுக்குள்ள எனக்குத் தூக்கம் வந்துடும்" என்பாள்.

அவள் இரண்டாவது முடித்த சமயம் அந்தப் பள்ளியை நடத்த முடியாமல் மூடிவிட்டார்கள். டேப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவதுக்கு வேறு பள்ளி பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கல்யாணச் சேலை தறியில் இருந்ததால் அப்பாவால் எழுந்து வர முடியவில்லை.

"நீங்களும் கூட வாங்க அத்த. எனக்குப் படபடன்னு வருது" என்றாள் அம்மாக்காரி.

பேண்ட் போட்டவர் தெருவில் வந்தாலே கதவுக்குப் பின்னால் போகிற ஆள் நான். இருந்தாலும் போனேன்.

பெரிய டீச்சர் மூன்றாவது புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். பெண் கடகடவென்று வாசித்தாள். "அட, சுட்டியா இருக்கியே!" என்று டீச்சர் சிரித்தார். அவள் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் டீச்சர் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்து வைத்தார்.

"காலையில என்ன சாப்பிட்டன்னு எழுது கண்ணு."

பெண் தாளைப் பார்த்தாள். புரட்டி அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"மிஸ், இதுல எழுத்தே இல்லியே."

"நீதானே எழுதணும்?"

"எழுதறேன் மிஸ். எழுத்துங்க எங்க இருக்குதுன்னு காட்டுங்க."

விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். டீச்சரும் அப்படித்தான் நினைத்துச் சிரித்தார். பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் பென்சிலை உலக்கை மாதிரிப் பிடித்து ஒரு வட்டம் போட்டாள். வேறொரு மூலையில் ஒரு கோடு போட்டாள். அவை இரண்டும் தாமாக வந்து சேர்ந்துகொள்ளும் என்பது போலக் காத்திருந்தாள். அத்தனை வாசிக்கிற பிள்ளைக்கு ஒரு எழுத்து கையில் வரவில்லை. இரண்டு வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் எங்களில் ஒருவருக்கும் இது தெரியவில்லை.

"ஒண்ணாவதுல உக்காரட்டும்மா. இங்க பரீட்சையெல்லாம் கையாலதான்" என்றார் டீச்சர்.

"நான் மூணாவது மிஸ்" என்றாள் பெண்.

"வீட்டுல தறி இருக்குதுங்க" என்றாள் அம்மா. "பென்சில் பட்டா சேலை போயிடும்னு நாங்கதான் கையில குடுக்கல."

"ஒரு சேலைக்காகவாம்மா?"

"சேலதாங்க எங்களுக்குச் சோறு."

டீச்சர் பென்சிலை எடுத்து அவள் விரல்களில் சரியாகப் பிடிக்க வைத்தார். பிறகு, "பள்ளி திறக்க ஒரு மாசம் இருக்கு. அதுக்குள்ள எழுதப் பழக்கிக் கூட்டிட்டு வாங்க. எழுதினா மூணாவது. இல்லன்னா சின்னப் பசங்களோடதான்" என்றார்.

மறுநாள் பகலில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றுபோனது. எங்கள் தெருவில் வேலை நேரத்தில் தறி நின்றால் யாருக்கோ உடம்புக்கு வந்துவிட்டது, இல்லையென்றால் அதைவிடக் கெட்டது நடந்துவிட்டது என்று அர்த்தம். போட்டது போட்டபடி ஓடினேன். எனக்கு முன்னால் எதிர் வீட்டுக்காரி வாசலில் நின்றிருந்தாள்.

உள்ளே தறி மேல் பழைய போர்வைகளைப் போர்த்தியிருந்தார்கள். பெண் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் குந்தியிருந்தார்கள். பென்சில் அசைகிற பக்கமெல்லாம் அவர்கள் தலையும் அசைந்தது.

"யாருக்கு இன்னா ஆச்சோன்னு ஓடியாந்தா, தறிக்கு லீவு வுட்டுட்டு நோட்டப் பாத்துகினு கீறீங்களா?" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

"கத்தாதக்கா" என்றார் அப்பா. "இப்பதான் 'ப' வந்துகினு இருக்குது."

அந்த மாதம் முழுக்க அந்தத் தறி தினமும் ஒரு நேரம் நின்றது. போர்வையை எடுத்துவிட்டு, நெய்துகொண்டே பக்கத்தில் அவளை எழுத வைக்கிற தைரியம் இரண்டு பேருக்கும் வரவில்லை.

பள்ளி திறந்த அன்று இட்லியையும் சட்னியையும் எழுதி முடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆனது. எல்லாம் கோணல்மாணல். பெரிய டீச்சர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மூன்றாவது வகுப்பு இருக்கிற பக்கம் கை காட்டினார்.

கல்யாணச் சேலை சொன்ன நாளுக்கு முடியவில்லை. கல்யாண வீட்டார் வேறு சேலை எடுத்துக்கொண்டதாக முதலாளி ஆள் அனுப்பினார். அவள் அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். தறிக்குழியில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து நெய்யத் தொடங்கினாள்.