ஆரோக்கியத்தின் ஒன்றரை முழம்

கரும்பு வெட்டப் போன இடத்தில் வரப்பு வழுக்கி விழுந்ததில் ஆரோக்கியத்துக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. எலும்பு கூடிய பிறகு கோலூன்றி நடக்கலாம், முக்காலியில் உட்காரலாம். தரையில் குந்த மட்டும் முடியாது. குந்தாமல் சோறு பொங்கிய பெண்பிள்ளை எழுபத்து நாலாம் வருஷத்தில் பாகூர்ப் பக்கத்தில் எவள் இருந்தாள், சொல்லுங்கள்!

"தனியா கெடந்து இன்னா பண்ணப்போற? நெருப்புல வுழுந்து வெச்சின்னா?" என்றான் தம்பி அந்தோணிசாமி. "ஈஸ்டர் முடிஞ்சி வர்றேன். ஏம்பலத்துக்கு, ஏன் வூட்டுக்குக் கெளம்பு."

தங்கமான பிள்ளைதான். ஆனால் அங்கே போனால் தட்டில் விழுவதைத் தின்ன வேண்டும். புருஷன் செத்துப் பன்னிரண்டு வருஷமாக, குழம்புக்குப் புளி எவ்வளவு என்று அவள் யாரையும் கேட்டதில்லை. அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

"நான் பொங்கறத ஒருவாட்டி பாருடா. முடியலன்னா வாயத் தொறக்காம வந்துடறேன்" என்றாள்.

கொத்தனார் இருசப்பனைக் கூப்பிட்டு விட்டாள். முக்காலியை விட்டு எழுந்திருக்காமலே எல்லாம் கைக்கு வர வேண்டும். ஒன்றரை முழ உயரத்தில் மேடை, அதில் அடுப்பு. தண்ணீர்ப் பானையும் மிளகாய் உப்பும் இரண்டு பக்கமும் ஒரு முழத்துக்குள். அவன் மண்டையை ஆட்டினான். புழுதிக்குப் பயந்து இரண்டு நாள் பக்கத்து வீட்டில் இருந்துவிட்டு வந்து உட்கார்ந்தால், மேடை நெஞ்சுக்கு வந்தது. பானை எட்டவே இல்லை.

"இன்னாடா இது, கோயில் பீடமா?"

"நீ சொன்ன ஒன்னர முழந்தாங்கா!"

"யாரு முழம்?"

"ஏங்கைதான்."

ஆறடி ஆள் அவன். அவள் அவன் கையை இழுத்துத் தன் கையோடு சேர்த்து வைத்தாள். நாலு விரற்கடை கூடுதல்.

"பொங்கப்போறது நீயா, நானா? இடிடா!"

நல்லவேளை, மண் சாந்து. இந்த முறை அவளே நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணை மூடிக் கையை நீட்டுவாள். விரல் நிற்கிற இடத்தில் இருசப்பன் கரிக்கோடு போடுவான். சோறு வடிப்பதுதான் பெரிய பயமாக இருந்தது. அதற்காக அடுப்பை ஒட்டி ஒரு சரிவு கட்டச் சொன்னாள். பானையைத் தூக்க வேண்டாம். அப்படியே நகர்த்திச் சாய்த்தால் கஞ்சி கீழே சட்டியில் விழும்.

ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை அந்தோணிசாமி வந்தான், அவள் துணிமணி கட்டக் கோணிப்பையோடு. வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கொதிக்கிற பானையில் அவள் கை வைத்ததும் பதறி எழுந்துவிட்டான்.

"உக்காருடா!"

பானை நகர்ந்தது, சாய்ந்தது. கஞ்சி ஒரு சொட்டு சிந்தாமல் சட்டியில் இறங்கியது. அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தாள்.

கருவாட்டுக் குழம்பு. அவன் இரண்டாந்தரமும் வாங்கித் தின்றான். தின்று முடித்த தட்டை அலம்பி அதிலேயே அவள் தனக்குப் போட்டுக்கொண்டபோதுதான் கவனித்தான்.

"ஒரே தட்டுதானாக்கா?"

"ஒருத்திக்கு எத்தினிடா?"

அவன் கோணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வந்து நின்றான். துண்டில் சுற்றிய அலுமினியத் தட்டை மேடைமேல் வைத்தான்.

"எனக்கும் சேத்து ஒல வெய்க்கா."