ஜமீன் பங்களாவில் வீடு பார்த்தவர்

வண்டலூருக்கு அப்பால் ஒரு பழைய ஜமீன் பங்களாவை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வைக்குத் திறந்துவிடுகிறார்கள். அங்கேதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும், காட்டன் புடவை, தோளில் ஹேண்ட்பேக். நாங்களெல்லாம் சரவிளக்கை அண்ணாந்து பார்த்தபோது அவர் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழைக்கு உள்ள தண்ணி வருமா சார்?" என்று கைடிடம் கேட்டார். தர்பார் ஹாலில், "காத்து நல்லா வருது, துணி காயப்போடத்தான் எடமில்ல" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "குடி வரப்போறீங்களா மேடம்?"

"பீர்க்கன்கரணைல வாடகைக்கு வீடு தேடறேன் சார். தனியாவா இருப்பீங்க, கறி சமைப்பீங்களான்னு ஓனருங்கதான் கேள்வியா கேக்கறாங்க. கடைசில, 'வீட்ல பேசிட்டு போன் பண்றோம்'னு அனுப்பிடறாங்க. இங்கதான் நான் கேக்க முடியுது."

அப்புறம் எனக்கும் தொற்றிக்கொண்டது. ராஜா கட்டிலருகே நின்று, "மோட்டார் தனியா, பொதுவா?" என்றேன். கூட்டமே சிரித்து, ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தது.

வாசலில் கைடு, "பங்களா பிடிச்சுதா மேடம்?" என்றார்.

அவர் நிதானமாகச் செருப்பை மாட்டிக்கொண்டார். "வீட்ல பேசிட்டு போன் பண்றோம்."

அந்தப் பங்களா இன்னும் அவர் போனுக்காகக் காத்திருக்கிறது என்றே நினைத்துக்கொள்கிறேன்.