குதிரைக்கு நான் போட்ட தரை

ஒரகடம் பக்கம் எந்தத் தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் தரையைத்தான் பார்க்கும். இருபது வருடமாகத் தரை போடும் கான்ட்ராக்டர் நான். ஓர் இடத்தில் தண்ணீர் தேங்கினாலோ, கொஞ்சம் தூசி எழும்பினாலோ வேலையை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். இறுக்கம்தான் எங்களுக்கு வேதம்.

நாற்பத்தைந்து வயதில் குதிரை ஆசை பிடித்தது. ரேஸில் ஓடி ஓய்ந்த பெண் குதிரை ஒன்றை வாங்கி, மணிமங்கலத்தில் எங்கள் நிலத்தில் கட்டினேன். "ஒரு கார் பத்தலியா?" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரே வாரத்தில் அவள்தான் கேரட் நறுக்கிக்கொண்டு நின்றாள். வேறு யார் கூப்பிட்டாலும் குதிரை காதை மட்டும் திருப்பும். என் பைக் சத்தம் கேட்டால் கனைக்கும்.

அதன்மேல் ஏறிப் பழக ஒரு களம் வேண்டுமே. நானே போட்டேன். கல் உடைக்கும் கிரஷர் தூசி கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலரை எட்டு முறை ஓட்டினேன். லாடம் அடிக்க வரும் பாய் குதிகாலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், ரோடு மாரி கீது? அடி இறுக்கமா இருக்கட்டும். மேல மூணு வெரக்கடை மணல லூஸா வுடு. குளம்பு கொஞ்சம் உள்ள போவணும்."

"பாய், ஃபோர்க்லிஃப்ட் ஓடுற தரையே போடுறவன் நான். எனக்கேவா?"

அவர் லாடப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மேலே மணலை லூஸாக விட்டால் எங்கள் தொழிலில் அது அரைகுறை வேலை. யானைக்கும் அடி சறுக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், என்னை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த இரண்டு மாதம் குதிரை முன்னங்கால்களைத் தயங்கித் தயங்கி வைத்தது. சோம்பல் என்று நினைத்து விலாவில் உதைத்தேன். வலிக்கிறது என்று தனக்குத் தெரிந்த விதத்தில் அது சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

ஒரு காலை, தூறல் நின்றதும் ஏறினேன். திருப்பத்தில் அதன் முன்கால் வழுக்கியது. இருவரும் விழுந்தோம். எனக்கு வெறும் சிராய்ப்பு. அதற்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். "இது சேராது சார். வலியில்லாம அனுப்பிடலாம்," என்றார். ஊசி போடும்வரை அதன் தலை என் மடியில் கிடந்தது. அப்போதும் என்னைத்தான் நம்பிக்கொண்டிருந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

விழுந்த இடத்திலேயே புதைக்க ஜேசிபி வரவழைத்தேன். பக்கெட்டின் பற்கள் கிறீச்சிட்டன, தரை பெயரவில்லை. நாலாவது முறையும் முயன்றுவிட்டு ஓட்டுநர் எட்டிப் பார்த்தார்.

"செம ஸ்ட்ராங்கு சார். யாரு போட்டது? நம்பர் குடு, எனக்கும் ஒரு வேலை கீது."

போர்வை மூடிய குதிரையின் பக்கத்தில் நின்றுகொண்டு, நான்தான் என்றேன்.